பலமாறி நுண்கணிதமும் பகுப்பாய்வும்: நிபந்தனையை எடுத்துவிட்டுப் பார்த்துப் படிக்கும் முறை

ஒரு மாறியில் வகையிடவும் தொகையிடவும் நன்றாக வந்தவர்கள்கூட இரண்டாவது மாறி நுழைந்ததும் தடுமாறுகிறார்கள். கணக்கு நீளமாவது இதற்குக் காரணமல்ல. எண்கோட்டில் ஒரு புள்ளியை நெருங்க இடம், வலம் என்று இரண்டே பக்கம். தளத்தில் அதே புள்ளிக்கு வர எண்ணற்ற பாதைகள் இருக்கின்றன. நேர்க்கோட்டில் வரலாம், பரவளையத்தில் வரலாம், சுருள்போலச் சுற்றிக்கொண்டும் வரலாம். புதிய வரையறைகளும் புதிய நிபந்தனைகளும் தேர்வில் மதிப்பெண் பறிபோகும் இடங்களும் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

ஆகவே படிக்கும் முறையும் மாற வேண்டும். தேற்றத்தை மனப்பாடம் செய்து கணக்கில் போட்டால் போதும் என்ற பழக்கம் இங்கே கைவிடும். ஒரு தேற்றத்தைப் படித்ததும் அதன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்தால் என்ன கெடுகிறது என்று காட்டும் ஒரு சார்பு உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். பகுப்பாய்வை (எல்லை, தொடர்ச்சி போன்றவற்றை நிறுவலோடு படிக்கும் பாடத்தை) நுண்கணிதம் முடிந்த பிறகு படிக்கும் தனிப் பாடமாக வைக்காமல், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நடத்துவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. கீழே வரும் எடுத்துக்காட்டுகளும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன.

தொடங்கும் முன்

அணிகளைப் பெருக்கத் தெரிய வேண்டும். 3×3 அணிக்கோவையைத் தயங்காமல் விரிக்கத் தெரிய வேண்டும். நேரியல் உருமாற்றம் என்றால் என்ன, அதற்கும் அணிக்கும் என்ன தொடர்பு என்பது தெளிவாக இருக்க வேண்டும். இவை இல்லாமல் வகையிடல் பகுதிக்குள் போனால் சூத்திரங்கள் மட்டுமே கண்ணில் படும். ஒரு மாறிப் பாடத்தில் டெய்லர் விரிவும் சராசரி மதிப்புத் தேற்றமும் கைவசம் இருக்க வேண்டும். சின்னச் சோதனை ஒன்று: (1 − கோசைன் எக்ஸ்) என்பதை எக்ஸ்² ஆல் வகுத்து, எக்ஸ் 0 ஐ நெருங்கவிட்டால் 1/2 வருகிறது. இதை டெய்லர் விரிவைக் கொண்டு இரண்டே வரியில் எழுத முடியாவிட்டால், முதலில் அந்தப் பாடத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

எல்லை: எல்லா நேர்க்கோடுகளும் போதாது

இந்தச் சார்பை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு இடங்களில் தேவைப்படும்.

எஃப்(எக்ஸ், ஒய்) = எக்ஸ்²·ஒய் ÷ (எக்ஸ்⁴ + ஒய்²), ஆதியில் மதிப்பு 0.

ஒய் = எம்·எக்ஸ் என்ற நேர்க்கோட்டில் ஆதிக்கு வாருங்கள். மேலும் கீழும் எக்ஸ்² ஐச் சுருக்கினால் எம்·எக்ஸ் ÷ (எக்ஸ்² + எம்²) கிடைக்கிறது. எம் எதுவானாலும் இது 0 க்குப் போகிறது. செங்குத்துக் கோட்டிலும் 0 தான். எல்லை 0 என்று இங்கே எழுதி முடித்தால் விடை தவறு. ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்தில் வந்தால் மேலே எக்ஸ்⁴, கீழே 2·எக்ஸ்⁴; ஆதியைத் தவிர்த்த எல்லாப் புள்ளியிலும் மதிப்பு 1/2. இரண்டு பாதைகள் இரண்டு விடை தருவதால் எல்லை இல்லை.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: பாதைகளைச் சோதிப்பது எல்லை இல்லை என்று காட்ட மட்டுமே உதவும். உண்டு என்று காட்ட, எல்லாப் பாதையையும் ஒரே அடியில் கட்டுப்படுத்தும் ஒரு சமனின்மை வேண்டும். எக்ஸ்²·ஒய் ÷ (எக்ஸ்² + ஒய்²) என்பதை எடுத்தால், எக்ஸ்² ÷ (எக்ஸ்² + ஒய்²) ஒருபோதும் 1 ஐத் தாண்டாது. ஆகவே முழுச் சார்பின் எண்ணளவு |ஒய்| ஐத் தாண்டாது. எந்தப் பாதையில் வந்தாலும் எல்லை 0.

போலார் ஆயத்தொலைவுக்கு மாற்றி, ஆர் 0 க்குப் போகும்போது கோவையும் 0 க்குப் போகிறது என்று எழுதி முடிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. மேலே உள்ள முதல் சார்பையே போலாரில் எழுதுங்கள். கோணத்தை நிலையாக வைத்தால் அது 0 க்குத்தான் போகும், ஏனென்றால் கோணத்தை நிலையாக வைப்பதே நேர்க்கோட்டில் வருவதுதான். கோணத்தைச் சாராத, ஆரை மட்டுமே கொண்ட ஒரு மேல்வரம்பு கிடைத்தால் மட்டுமே போலார் முறை நிறுவலாகும்.

எப்சிலான்–டெல்டா எழுதும் விதம்

மதிப்பில் அனுமதிக்கும் பிழை எப்சிலான்; அதற்காகப் புள்ளியிலிருந்து விலகக்கூடிய தொலைவு டெல்டா. இதைக் கண்டு பயப்படுபவர்கள் பெரும்பாலும் கரட்டு வேலையையும் இறுதி எழுத்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். கரட்டு வேலை பின்னோக்கி நடக்கும். இறுதி நிறுவல் முன்னோக்கி நடக்கும். எக்ஸ்·ஒய் என்ற பெருக்கல் (2, 3) என்ற புள்ளியில் தொடர்ச்சியானது என்று காட்டுவோம்.

கரட்டுத் தாளில்: |எக்ஸ்·ஒய் − 6| ஐச் சிறிதாக்க வேண்டும். கையில் இருப்பவை |எக்ஸ் − 2|, |ஒய் − 3| இரண்டும்தான். ஆகவே அவை வெளியே தெரியும்படி உடைக்க வேண்டும்: எக்ஸ்·ஒய் − 6 = (எக்ஸ் − 2)·ஒய் + 2·(ஒய் − 3). இதில் தொந்தரவு தருவது நடுவில் நிற்கும் ஒய்தான். அது எவ்வளவு பெரிதாகலாம்? டெல்டாவை 1 க்கு மேல் போகவிடமாட்டோம் என்று முடிவு செய்தால், ஒய் 2 க்கும் 4 க்கும் இடையில் அடங்கிவிடும். அப்போது மொத்தம் 4·டெல்டா + 2·டெல்டா, அதாவது 6·டெல்டாவுக்குள் நிற்கும்.

இறுதித் தாளில்: எப்சிலான் 0 ஐ விடப் பெரியது என்க. 1, எப்சிலான்/6 இரண்டில் சிறியதை டெல்டாவாக எடுக்க. (எக்ஸ், ஒய்) என்ற புள்ளி (2, 3) இலிருந்து டெல்டாவுக்குக் குறைவான தொலைவில் இருந்தால், |ஒய்| < 4. ஆகவே |எக்ஸ்·ஒய் − 6| < 4·டெல்டா + 2·டெல்டா ≤ எப்சிலான். முடிந்தது.

6 எங்கிருந்து வந்தது என்று இறுதித் தாளில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் டெல்டா எக்ஸையோ ஒய்யையோ சார்ந்து இருக்கக் கூடாது. அப்படி வந்தால் நிறுவலே இல்லை. இப்படி ஒரு 15 கணக்கைக் கரட்டு, இறுதி என்று இரண்டு தாளாகப் பிரித்துப் போட்டால் கை பழகிவிடும்.

வகைக்கெழு என்பது ஓர் அணி

பாடத்தின் இதயம் இதுதான். மற்ற எதைக் குறைத்தாலும் இதற்கு நேரம் குறைக்காதீர்கள்.

பகுதி வகைக்கெழு இரண்டும் இருந்தால் சார்பு வகையிடத்தக்கது என்று நினைப்பது முதல் பொறி. எக்ஸ்·ஒய் ÷ (எக்ஸ்² + ஒய்²) என்ற சார்புக்கு ஆதியில் மதிப்பு 0 என்று வையுங்கள். இரு அச்சுகளிலும் அது முழுக்க 0. ஆகவே ஆதியில் இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் 0. ஆனால் ஒய் = எக்ஸ் கோட்டில் அதன் மதிப்பு 1/2. ஆதியில் தொடர்ச்சியே இல்லாத ஒன்று அங்கே வகையிடத்தக்கதாக இருக்க வழியில்லை. பகுதி வகைக்கெழு அச்சுகளை மட்டுமே பார்க்கிறது. மற்றத் திசைகளில் நடப்பது அதற்குத் தெரியாது.

சரியான வரையறை இப்படி: புள்ளியிலிருந்து ஹெச் என்ற சிறு வெக்டர் அளவு நகர்ந்தால், சார்பின் மாற்றம் = எல்(ஹெச்) + பிழை. எல் ஒரு நேரியல் உருமாற்றம். பிழையை ஹெச்சின் நீளத்தால் வகுத்தாலும் அது 0 க்குப் போக வேண்டும். அந்த எல்லின் அணிதான் ஜேகோபியன் அணி.

எண்களில் ஒருமுறை பார்த்துவிட்டால் இது மறக்காது. எக்ஸ்²·ஒய் என்ற சார்பை (1, 2) இல் எடுங்கள். மதிப்பு 2. பகுதி வகைக்கெழுக்கள் 4, 1. எக்ஸை 0.01, ஒய்யை 0.02 கூட்டினால் நேரியல் மதிப்பீடு 2 + 0.04 + 0.02 = 2.06. உண்மை மதிப்பு 1.0201 × 2.02 = 2.060602. பிழை 0.000602. இப்போது நகர்வைப் பத்தில் ஒன்றாக்கி 0.001, 0.002 என்று வைத்தால் மதிப்பீடு 2.006, உண்மை 2.006006002. பிழை 0.000006002. நகர்வு பத்தில் ஒன்றானபோது பிழை ஏறத்தாழ நூறில் ஒன்றாகிவிட்டது. பிழை நகர்வைவிட வேகமாகச் சுருங்குகிறது என்று வரையறை சொல்வதை இந்த எண்களில் கண்ணால் பார்க்கலாம். கால்குலேட்டரை எடுத்து வேறொரு சார்புக்கும் செய்து பாருங்கள்.

வகைக்கெழுவை அணியாகப் பார்க்கத் தொடங்கியதும் சங்கிலி விதி ஒரே வரியாகிவிடும்: ஜேகோபியன் அணிகளைப் பெருக்கு. மர வரைபடம் போட்டு ஒவ்வொரு கிளையாகக் கூட்டுவதும் சரியான விடையே தரும். ஆனால் அணியாக எழுதினால் தவறு தானாகவே வெளிப்படும். 2 மாறியிலிருந்து 3 க்கும், 3 இலிருந்து 1 க்கும் போகிறோம் என்றால் 1×3 அணியை 3×2 அணியோடு பெருக்க வேண்டும். வரிசை மாறினால் அளவு பொருந்தாது. வெளி வகைக்கெழுவை எந்தப் புள்ளியில் கணிக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். உள்சார்பு போய்ச் சேரும் புள்ளியில்தான், தொடங்கிய புள்ளியில் அல்ல.

திசைவழி வகைக்கெழுவுக்கு, கிரேடியன்ட்டோடு (பகுதி வகைக்கெழுக்களை வரிசையாகக் கொண்ட வெக்டர்) திசை வெக்டரைப் புள்ளிப் பெருக்கல் செய்யும் சூத்திரமும் வகையிடத்தக்க சார்புக்குத்தான் உறுதி. முதல் பக்கத்துச் சார்புக்குத் திரும்புங்கள். ஆதியில் (ஏ, பி) என்ற திசையில் அதன் வகைக்கெழு, பி பூச்சியமில்லையென்றால், ஏ²/பி. பி பூச்சியமானால் 0. எல்லாத் திசையிலும் வகைக்கெழு இருக்கிறது, ஆனால் கிரேடியன்ட் (0, 0) என்பதால் சூத்திரம் எல்லாத் திசைக்கும் 0 என்கிறது. சூத்திரம் பொய்யாகும் இடத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சார்பு கிடைப்பது அரிது. திசை வெக்டரை அலகு நீளமாக்க மறப்பது இதைவிடச் சாதாரணப் பிழை. அதற்கு எச்சரிக்கை மட்டும் போதும்.

நடைமுறையில், பகுதி வகைக்கெழுக்கள் புள்ளியைச் சுற்றி இருந்து, அந்தப் புள்ளியில் தொடர்ச்சியாகவும் இருந்தால் சார்பு அங்கே வகையிடத்தக்கது. பெரும்பாலான கணக்குகளை இதுவே தீர்த்துவைக்கும். இரண்டாம் வரிசையில் எக்ஸ்–ஒய், ஒய்–எக்ஸ் என்று வரிசை மாற்றுவதற்கும் தொடர்ச்சி போதுமானது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எக்ஸ்·ஒய்·(எக்ஸ்² − ஒய்²) ÷ (எக்ஸ்² + ஒய்²) ஐ ஆதியில் வரையறைப்படி கணித்துப் பாருங்கள். ஒரு வரிசையில் −1, மறு வரிசையில் +1 வரும். இந்தக் கணக்கைச் சூத்திரத்தில் போடாமல் வரையறையிலிருந்தே செய்ய வேண்டும். அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

பெருமம், சிறுமம்

ஹெஸ்ஸியன் (இரண்டாம் வரிசைப் பகுதி வகைக்கெழுக்களின் அணி) சோதனை எளிது. அதன் அணிக்கோவை 0 ஆனால் சோதனை எதுவும் சொல்லாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. (ஒய் − எக்ஸ்²)(ஒய் − 2·எக்ஸ்²) என்ற சார்பு ஆதி வழியாகப் போகும் ஒவ்வொரு நேர்க்கோட்டிலும் ஆதியில் சிறுமம் காட்டும். ஆனால் ஒய் = 1.5·எக்ஸ்² என்ற வளைவில் அதன் மதிப்பு −எக்ஸ்⁴/4. ஆகவே ஆதி சிறுமம் அல்ல. நேர்க்கோடுகளை நம்பக் கூடாது என்ற முதல் பாடம்தான் வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது.

ஒரு கட்டுப்பாட்டுக்குள் பெருமம், சிறுமம் தேடும் லக்ராஞ்சி பெருக்கி முறையில் விடுபடும் நிபந்தனை: கட்டுப்பாட்டின் கிரேடியன்ட் அந்தப் புள்ளியில் 0 ஆகக் கூடாது. ஒய்² = எக்ஸ்³ என்ற வளைவில் எக்ஸின் சிறும மதிப்பைத் தேடுங்கள். எக்ஸ் எதிர்மமாக முடியாது, ஆகவே விடை ஆதி. ஆனால் லக்ராஞ்சிச் சமன்பாடுகளுக்குத் தீர்வே கிடைக்காது, ஏனென்றால் வளைவு ஆதியில் முள்போலக் கூர்ந்திருக்கிறது. ஆகவே கிரேடியன்ட் பூச்சியமாகும் புள்ளிகளைத் தனியாகப் பட்டியலிட்டுச் சோதிப்பதைப் பழக்கமாக்குங்கள்.

தொகையிடல்

இரட்டைத் தொகையில் தவறுகிறவர்கள் தொகையிடலில் தவறுவதில்லை, எல்லைகளில்தான் தவறுகிறார்கள். பகுதியை வரையாமல் எல்லை எழுதாதீர்கள். படத்தில் ஓர் அம்பு வரைந்து, அது எந்த வளைவில் நுழைந்து எந்த வளைவில் வெளியேறுகிறது என்று குறியுங்கள். அவையே உள் எல்லைகள். உள்ளே எக்ஸ் ஒய்யிலிருந்து 1 வரையும், வெளியே ஒய் 0 இலிருந்து 1 வரையும் ஓட, ஈயின் எக்ஸ்² அடுக்கைத் தொகையிடச் சொன்னால் உள் தொகையிலேயே சிக்கிவிடும். அதற்குச் சாதாரணச் சார்புகளில் விடை இல்லை. முக்கோணத்தை வரைந்து வரிசையை மாற்றினால் எக்ஸ் என்ற காரணி உள்ளே வந்து விழுகிறது. விடை (ஈ − 1)/2.

வரிசை மாற்றம் எப்போதும் செல்லுமா? (எக்ஸ்² − ஒய்²) ÷ (எக்ஸ்² + ஒய்²)² ஐ 0 முதல் 1 வரையான சதுரத்தில், ஒய்யில் முதலில் தொகையிட்டால் பை/4. எக்ஸில் முதலில் தொகையிட்டால் −பை/4. சார்பின் எண்ணளவின் தொகை முடிவுறாதது என்பதே காரணம். மாறி மாற்றும்போது ஜேகோபியனின் எண்ணளவைப் பெருக்க வேண்டும்: போலாரில் ஆர், கோள ஆயத்தில் ஆர்² × சைன், செங்குத்து அச்சிலிருந்து அளக்கும் கோணத்தின் சைன். தீட்டா, ஃபை இரண்டில் எது அந்தக் கோணம் என்பது கணிதப் புத்தகத்துக்கும் இயற்பியல் புத்தகத்துக்கும் மாறும். கணக்கைத் தொடங்குமுன் படம் போட்டுக் குறித்துவிடுங்கள்.

பகுதிக்குள் எடுக்கும் தொகையை அதன் விளிம்புத் தொகையோடு இணைக்கும் கிரீன், ஸ்டோக்ஸ், காஸ் தேற்றங்களில் திசைக்குறியும் பகுதிக்குள் ஓட்டை இருக்கிறதா என்பதும் கவனம். (−ஒய், எக்ஸ்) ÷ (எக்ஸ்² + ஒய்²) என்ற வெக்டர் புலத்தின் கர்ல் (சுழற்சியின் அளவு) ஆதியைத் தவிர எங்கும் 0. ஆனாலும் ஆதியைச் சுற்றிய வட்டத்தில் அதன் கோட்டுத் தொகை 2·பை.

பகுப்பாய்வுப் பக்கம்

மீச்சிறு மேல்வரம்பு, தொடர்முறைகள், போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றம், தொடர்ச்சி, காம்பாக்ட் கணங்கள், சீரான ஒருங்கல் என்ற வரிசையில் போங்கள். எல்லா வரையறையையும் எதிர்மறையாக்கி எழுதப் பழகுவது மிக முக்கியம். ‘ஒவ்வொரு எப்சிலானுக்கும் ஒரு டெல்டா உண்டு’ என்பதன் மறுப்பு ‘ஓர் எப்சிலான் உண்டு, எந்த டெல்டாவும் அதற்கு உதவாது’. இதைத் தயங்காமல் எழுத வராதவருக்கு முரண்பாட்டு நிறுவல் வராது.

சொற்களின் வரிசைதான் பொருளைத் தீர்மானிக்கிறது. புள்ளியைச் சொன்ன பிறகு டெல்டாவைத் தேர்ந்தால் தொடர்ச்சி. எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டாவை முதலிலேயே தேர்ந்தால் சீரான தொடர்ச்சி. இந்த வேறுபாட்டில் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடர், தொடர்ச்சியான சார்பையே தரும் என்று கோஷி 1821 இல் எழுதினார். 1826 இல் ஆபெல் ஒரு சைன் தொடரைக் காட்டி அதற்கு விதிவிலக்கு உண்டு என்றார். கோஷியின் கூற்றில் விடுபட்ட நிபந்தனை சீரான ஒருங்கல், அதாவது எல்லாப் புள்ளியிலும் ஒருசேர நெருங்குவது.

என்·எக்ஸ் ÷ (1 + என்²·எக்ஸ்²) என்ற தொடர்முறையை 0 முதல் 1 வரை பாருங்கள். எக்ஸை நிலையாக வைத்தால் 0 க்குப் போகிறது. ஆனால் எக்ஸ் = 1/என் இல் மதிப்பு எப்போதும் 1/2. உச்சம் நகர்கிறது, தணிவதில்லை. பரவளையத்தில் வந்து 1/2 ஐப் பார்த்ததும் இதுவும் ஒரே நிகழ்வு: ஒன்றை நிலையாக வைத்தால் தெரியாதது, இரண்டும் சேர்ந்து நகரும்போது தெரிகிறது. ஆகவே சீரான ஒருங்கலைச் சோதிக்க, வித்தியாசத்தின் மேல்வரம்பைக் கணியுங்கள். அது 0 க்குப் போகாவிட்டால் சீரானதல்ல.

நிறுவலைப் படிக்கும்போது பென்சிலால் ஒவ்வொரு நிபந்தனையும் பயன்படும் வரியைக் கோடிடுங்கள். பயன்படாத நிபந்தனை இருப்பதாகத் தோன்றினால், எங்கோ ஒரு வரி புரியவில்லை. பிறகு புத்தகத்தை மூடி வெற்றுத் தாளில் எழுதுங்கள். கணக்கில் மாட்டிக்கொண்டால் 40 நிமிடமாவது போராடிய பிறகே விடையைத் திறக்கலாம். திறந்து பார்த்த கணக்கை மூன்று நாள் கழித்து மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.

இரண்டு பாடமும் சேரும் இடம் நேர்மாறுச் சார்புத் தேற்றம். பகுதி வகைக்கெழுக்கள் தொடர்ச்சியாக இருந்து, ஒரு புள்ளியில் ஜேகோபியன் அணிக்கோவை 0 இல்லையென்றால் அந்தப் புள்ளியின் அருகில் நேர்மாறு உண்டு என்கிறது. ‘அருகில்’ என்ற சொல்லைத் தாண்டிப் போகாதீர்கள். ஈயின் எக்ஸ் அடுக்கைக் கோசைன் ஒய்யோடும் சைன் ஒய்யோடும் பெருக்கி வரும் இணையை எடுத்தால், அணிக்கோவை ஈயின் 2·எக்ஸ் அடுக்கு. எங்கும் 0 ஆவதில்லை. ஆனாலும் ஒய்யை 2·பை கூட்டினால் அதே மதிப்பு திரும்பி வருகிறது, ஆகவே முழுத் தளத்துக்கும் நேர்மாறு இல்லை. நிறுவலில் நேரியல் தோராயம், சராசரி மதிப்பு மதிப்பீடு, முழுமை, சுருக்க உருமாற்றத்தின் நிலைப்புள்ளி எல்லாம் வரிசையாக வரும். ஒரு பருவத்தின் கடைசி இரண்டு வாரத்தை இந்த ஒரே நிறுவலுக்குக் கொடுத்து, உதவியின்றி இரண்டு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் பேனா நிற்கிறதோ, அந்த அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள்.